காத்திருக்க மறுத்த அரக்கன்

நெய்வேலியில் ராஜ்மோகனைக் கொள்கைக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மைன்ஸில், கன்வேயர் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவரிடம் கொள்கையை யார் எதிர்பார்க்கப் போகிறார்கள்? கரி ஏற்றிப்போகும் பெல்ட் ஓடினால் போதும். ஆனால் சென்னையிலிருந்து ஷார்ஜா வரை சிதறிக் கிடக்கும் இருநூற்றுச் சொச்சம் தமிழர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் ‘நெய்வேலி அண்ணன்’ என்றால் தனி மரியாதை. அண்ணன் வளைந்து கொடுக்காதவர். ஜப்பான்காரனே வந்து கெஞ்சினாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார் என்று பெயர். ஜப்பான்காரன் வந்து கெஞ்சவில்லை என்பதால் அந்தப் பெயருக்கு இதுவரை பங்கம் வரவில்லை.

குழு ஒரு வீடியோ கேமுக்கானது. டொமோஷிபி என்று பெயர். விளக்கொளி என்று அர்த்தமாம். இருண்டுபோன ஒரு நாட்டில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு விளக்கை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வழியில் அரக்கர்கள் மறிக்கிறார்கள். இதுதான் எட்டு பாகங்களிலும் கதை. முதன்முதலில் இதைக் கேட்டபோது ராஜ்மோகனின் நண்பர் கருணாகரன், வடலூர் ஜோதியை ஜப்பான்காரன் சுட்டுக்கினு பூட்டான் என்றார். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர்தான். இருபத்தைந்து வருடமாக எழுந்திருக்கவில்லை.

அப்போது இருவருக்கும் பதினெட்டு வயது. ராஜ்மோகனின் அப்பா மருதமுத்து விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து நெய்வேலி நகரியத்தின் பதினேழாம் பிளாக்கில் குடியிருந்தவர். கருணாகரன் வடக்குத்து கிராமத்துக்காரர். இருவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு, பிறகு இருவருக்கும் வேலையும் மைன்ஸில்தான். சிங்கப்பூர் போய்வந்த யாரோ கொண்டுவந்த கேம் கேசட் முழுக்க ஜப்பானிய எழுத்து. ஒரு எழுத்தும் தெரியாமல், மேலிருந்து இரண்டாவது வரியை அமுக்கினால் காயம் ஆறும், நாலாவதை அமுக்கினால் நெருப்பு வரும் என்று மனப்பாடம் செய்து ஆடி முடித்தார்கள். கதையைத் தாங்களே இட்டுக்கட்டிக்கொண்டார்கள். பல வருடம் கழித்து அதே ஆட்டம் ஆங்கிலத்தில் வந்தபோதுதான், கதாநாயகனின் தாய் என்று அவர்கள் உருகி உருகிக் காப்பாற்றிய பெண்மணி உண்மையில் வில்லி என்பது தெரிந்தது. இருவருமே ஆங்கிலக்காரன் தப்பாக மொழிபெயர்த்துவிட்டான் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

டொமோஷிபியின் அழகு அதன் சண்டையில் இருந்தது. அதில் முறை வைத்துத்தான் அடிப்பார்கள். நம் ஆள் ஒரு வெட்டு, அரக்கன் ஒரு வெட்டு. நம் முறை வந்துவிட்டால் அரக்கன் ஓங்கிய கையோடு அப்படியே நிற்பான். நாம் யோசித்து, காப்பி குடித்து, பொத்தானை அமுக்குகிறவரை நிற்பான். ராஜ்மோகன் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுக் காலை ஷிஃப்டுக்குப் போய்வந்த நாட்கள் உண்டு. திரும்பி வந்து பார்த்தால் அரக்கன் அதே இடத்தில் மரியாதையாக நின்றுகொண்டிருப்பான். நகரியத்துக் குவார்ட்டர்ஸில் இதெல்லாம் நடக்கும். கரண்டு அங்கேயே உற்பத்தியாவதால், அது போகும் என்ற நினைப்பு யாருக்கும் வருவதில்லை. டிவியை அணைக்காமல் ஊருக்குப் போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்பதாம் பாகத்தின் டிரெய்லர் போன வருடம் வந்தது. பதினொரு வருட இடைவெளிக்குப் பிறகு வருகிறது என்று குழு தலைகால் தெரியாமல் குதித்தது. ராஜ்மோகன் அதை ஒன்பது முறை பார்த்தார். முதல் முறை கண் கலங்கியது. இரண்டாவது முறைதான் சண்டையைக் கவனித்தார். அதில் நாயகன் ஓடினான், உருண்டான், பாய்ந்து வெட்டினான். அரக்கனும் சும்மா நிற்கவில்லை; அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டேயிருந்தான். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இளைய தலைமுறைக்காகச் சண்டை முறையை மாற்றியிருக்கிறோம் என்று தயாரித்தவர்கள் பேட்டி கொடுத்திருந்தார்கள்.

அன்று மாலையே நெய்வேலி அண்ணன் குழுவில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பொறுமை என்பதும் ஒரு வீரம். எதிரிக்கும் ஒரு முறை கொடுப்பதுதான் நாகரிகம். பொத்தானைத் தட்டித் தட்டி ஜெயிப்பதற்கு டொமோஷிபி எதற்கு, கொசு மட்டை போதாதா என்று கேட்டிருந்தார். ஷார்ஜாவிலிருந்து ஒருவர் கண்ணீர் விடும் பொம்மை போட்டார். பிறகு வாரம் ஒரு கட்டுரை. கருணாகரன் அவற்றைச் சத்தமாகப் படித்துக் கேண்டீனில் ஆள் சேர்த்தார். டொமோஷிபி என்றால் என்னவென்றே தெரியாத நாலு காண்ட்ராக்ட் தொழிலாளிகள்கூட ஜப்பான்காரன் செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு கொள்கைக்கும் காரணம் ஒரு பன்றி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வடலூர் ரோட்டில் அது ராஜ்மோகனின் ஸ்கூட்டருக்குக் குறுக்கே வந்தது. பன்றி பிழைத்துக்கொண்டது. ராஜ்மோகனுக்கு இடது மணிக்கட்டு ஒடிந்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. கட்டைவிரல்தான் பழையபடி ஆகவில்லை. அது சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்கும். மடங்கு என்று மனம் சொல்லி, அது மடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. டம்ளர் நழுவுவதற்கு அந்த இடைவெளி போதும். பிசியோதெரபிக்குப் போன இடத்தில், இதற்கு மேல் முன்னேற்றம் இருந்தால் சந்தோஷம் என்று சொன்னார்கள். அந்த வாக்கியத்தை ராஜ்மோகன் நம்பிக்கை தரும் வாக்கியம் என்றே வைத்துக்கொண்டார்.

கண்ட்ரோல் ரூமில் இடது கைக்குப் பெரிய வேலை இல்லை. வீட்டில் மனைவி திலகவதி ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, மூடியை மேலே சும்மா வைத்துவிட்டுப் போவாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. டொமோஷிபியின் பழைய பாகங்களில் விரல் மெதுவாக வந்தாலும் அரக்கன் காத்திருந்தான். ஆக, உலகத்தில் எதுவுமே அந்த விரலை உட்காரவைத்துப் பரீட்சை எழுதச் சொல்லவில்லை. பரீட்சை எழுதாதவரை ஃபெயில் ஆகவில்லை என்பது ராஜ்மோகனின் கணக்கு. ஒன்பதாம் பாகத்தில் நாயகனை ஓடவைப்பதும் உருளவைப்பதும் இடது கட்டைவிரல். அது ஒன்றுதான்.

கருணாகரனிடம் மணிக்கட்டைச் சொன்னார், பிளேட்டைச் சொன்னார், பன்றியையும் சொன்னார். விரலைச் சொல்லவில்லை.

ஆட்டம் வெளிவருவதற்கு முன் அதன் முதல் அத்தியாயத்தை மட்டும் டெமோவாக விட்டார்கள். குழு அண்ணனின் தீர்ப்புக்காக வாயைப் பிளந்து காத்திருந்தது. சிலர் அண்ணன் சொன்னால்தான் வாங்குவேன் என்று சபதமே போட்டார்கள். அண்ணனிடம் இருந்தது பழைய கேம் மெஷின். புது ஆட்டம் புது மெஷினில்தான் ஓடும். புது மெஷின் கருணாகரன் வீட்டில் இருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் சரிதா வாங்கிக் கொடுத்திருந்தாள். கருணாகரன் தினமும் கூப்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்கவேண்டும், தனியாகத் தொடமாட்டேன் என்றார்.

ராஜ்மோகன் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். ஷிஃப்டில் வேலை பார்க்கிறவர்களுக்குள் மியூச்சுவல் என்று ஒரு வழக்கம். உனக்குக் கல்யாணமோ காதுகுத்தோ வந்தால் உன் ட்யூட்டியை நான் பார்ப்பேன். என் ட்யூட்டி ஒன்றை நீ பிறகு பார்க்கவேண்டும். டெமோ வந்த நாளிலிருந்து, கருணாகரன் ஓய்வாக இருக்கும் நாளெல்லாம் ராஜ்மோகன் யாருக்காவது மியூச்சுவல் போட்டார். குறிஞ்சிப்பாடியில் ஒரு நிச்சயதார்த்தம், பண்ருட்டியில் ஒரு கிரகப்பிரவேசம், கூட வேலை பார்க்கும் மணிமாறனின் மச்சினிச்சிக்கு வளைகாப்பு. கேட்காதவர்களிடமும் போய், உனக்கு எதுவும் விசேஷம் இல்லையா என்று விசாரித்தார். ஷிஃப்டில் அவரைப்போல் நல்ல மனிதர் உண்டா என்று பேச்சு கிளம்பியது.

மியூச்சுவல் திரும்பி வரும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. இரண்டாவது வாரத்திலேயே, பட்ட கடனை எல்லாரும் ஒரே மூச்சில் தீர்க்க வந்துவிட்டார்கள். மணிமாறன் ஒரு நாள், இன்னொருவர் மறுநாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கிற ட்யூட்டியை வாங்காமல் இருப்பது அவமரியாதை. அவனை என்றைக்கும் கடன்காரனாகவே வைத்திருக்கப் பார்க்கிறான் என்று பேசுவார்கள். மணிமாறன் சிரித்துக்கொண்டே வெளியே தள்ளாத குறையாக அனுப்பினான்.

“போங்கண்ணே. கருணா அண்ணன் சொல்லிச்சு, உங்களுக்கு இன்னிக்கு ஏதோ கேம் டெஸ்டாமே.”

டெஸ்ட் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை.

வடக்குத்து நகரியத்தின் வேலியை ஒட்டிய ஊர்தான். கருணாகரன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. கருணாகரனின் மனைவி கமலா பலாச்சுளை கொண்டுவந்து வைத்தாள். ராஜ்மோகன் கேம் கண்ட்ரோலரைத் தொடாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததென்று அதை நிதானமாகத் தின்றார். பிறகு கையை நிதானமாகக் கழுவினார். தின்பது தீர்ந்தது, கழுவுவதும் தீர்ந்தது.

டெமோ தொடங்கியது. திரையில் ஒரு மலைக்கிராமம், பனி, பின்னணியில் பழைய இசை. பதினெட்டு வயதில் கேட்ட அதே ராகத்தை மெதுவாக, வேறொரு கருவியில் வாசித்திருந்தார்கள். ஆட்டம் நன்றாக இருந்துவிடுமோ என்று ராஜ்மோகனுக்குப் பயமாக இருந்தது. மட்டமாக இருந்தால் திட்டிவிட்டு எழுந்துபோகலாம். நன்றாக இருந்தால் என்ன செய்வது?

சண்டை வருவதை அவரால் முடிந்தமட்டும் தள்ளிப்போட்டார். கிராமத்தில் இருந்த எல்லாரிடமும் நாயகனைப் பேசவைத்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு கோழியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். நடக்கும்போதே நாயகன் வேலியில் முட்டிக்கொண்டு நின்றான். திருப்ப நினைத்தபோது விரல் தாமதித்தது. வேலியின் வேலைப்பாட்டைப் பார்ப்பதுபோல் ராஜ்மோகன் தலையைச் சாய்த்துக்கொண்டார். கருணாகரன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆமா நல்லா வரைஞ்சிருக்கான் என்றார்.

கிராமத்துக்கு வெளியே ஒரு பாலம். பாலத்தின் நடுவில் கல்லால் ஆன ஒரு காவலன், தோளில் சம்மட்டி. அவனைத் தாண்டினால் ஒரு விளக்குக் கம்பம். டொமோஷிபியில் நினைத்த இடத்தில் ஆட்டத்தைப் பதிந்து வைக்க முடியாது; விளக்குக் கம்பத்துக்குப் போய் அதை ஏற்றினால்தான் அதுவரை ஆடியது சேவ் ஆகும்.

காவலன் சம்மட்டியைத் தூக்கினான். உருண்டு விலகவேண்டும். ராஜ்மோகன் விரலுக்குச் சொன்னார். விரல் கேட்பதற்குள் சம்மட்டி இறங்கிவிட்டது. நாயகன் பனியில் செத்துக் கிடந்தான்.

இரண்டாவது முறையும் அதேதான். மூன்றாவது முறை, சட்டையின் கழுத்துப் பட்டைக்குள் வேர்வை ஓடியது. வலது கை வெட்டும் பொத்தானைச் சரியாகத்தான் தட்டியது. ஆனால் நின்ற இடத்தில் நின்று வெட்டுகிறவனை அந்தச் சம்மட்டி சும்மா விடவில்லை. ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். எல்லாம் உறைந்தது, உருளும் கட்டளையும் சேர்ந்து உறைந்தது. மறுபடி ஓடவிட்டதும் சம்மட்டி விட்ட இடத்திலிருந்து இறங்கியது. கண்ட்ரோலரை மடிக்குக் கீழே இறக்கி வைத்துக்கொண்டார், கருணாகரன் கையைப் பார்த்துவிடக் கூடாது என்று. கருணாகரன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா. மனுசன் ஆடற ஆட்டமா இது?” என்றார் ராஜ்மோகன். குரல் அவர் நினைத்ததைவிட மெலிசாக வந்தது.

கருணாகரன் உடனே ஒத்துக்கொண்டார். வருசம் பூரா நீ சொல்லிக்கினு இருந்தது கரெக்டுதான், கெடுத்து வச்சிருக்கானுங்க என்றார். குழுவில் எழுதிவிடலாம், அப்படியே மந்தாரக்குப்பம் போய் புரோட்டா சாப்பிட்டு வரலாம் என்றார். கதவு அகலத் திறந்து கிடந்தது. அதன் வழியாக வெளியேறினால் கொள்கை பிழைக்கும், விரல் மறையும், தீர்ப்புக்காகக் காத்திருக்கும் இருநூறு பேரும் திருப்தியாகத் தூங்குவார்கள்.

ராஜ்மோகன் எழுந்திருக்கவில்லை. மூன்று முறை செத்ததில் ஒன்றைப் பார்த்திருந்தார். சம்மட்டியைத் தூக்குமுன் அந்தக் கல் மார்பு லேசாக விரிகிறது. மூச்சை இழுக்கிறான். யாரோ ஒருவர் ஜப்பானில் உட்கார்ந்து, ஒரு கல் பொம்மை மூச்சு விடவேண்டும் என்று மெனக்கெட்டிருக்கிறார். அவ்வளவு மெனக்கெட்டவனைப் பற்றிக் கொசு மட்டை என்று ராஜ்மோகன் எழுதியிருந்தார்.

இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றார்.

கமலா உள்ளேயிருந்து வந்து, மாவு மெஷினில் கூட்டம் சேருவதற்குள் மிளகாயை அரைத்துக்கொண்டு வரச்சொல்லிக் கருணாகரனை விரட்டினாள். அவர் டப்பாவை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனார். கமலா பின்கட்டில் துணி துவைக்கப் போய்விட்டாள். ராஜ்மோகன் கண்ட்ரோலரை மடியிலிருந்து வெளியே எடுத்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த விரலை நேராகப் பார்த்தார்.

செத்தார். மறுபடி செத்தார். விரலைத் திட்டினார். வேகமாக வரவைக்கப் பார்த்தார். அவசரப்படுத்தினால் அது இன்னும் குழம்பியது. எத்தனையாவது சாவு என்று எண்ணுவதை விட்டபின், கை தானாக வேறு ஒன்றைச் செய்ய ஆரம்பித்தது. பெல்ட்டை நிறுத்தும் பொத்தானை அமுக்கினால் பெல்ட் உடனே நிற்காது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் ரப்பர், அதன்மேல் ஈரக்கரி, எல்லாம் தன் வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஓடித்தான் அடங்கும். அதனால் நிற்கவேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே அமுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அது வந்து நிற்பதைப் பார்க்கவேண்டும். இருபது வருடமாக ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் செய்கிற காரியம். விரலும் அப்படி ஒரு பெல்ட்தான். சம்மட்டி எழும்போது சொன்னால் எப்படி வரும்? மார்பு விரியும்போதே சொல்லிவிடவேண்டும்.

மார்பு விரிந்தது. சொன்னார். சம்மட்டி எழுந்தது, விரல் கிளம்பியது, சம்மட்டி இறங்கியது, நாயகன் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு அவர் மூச்சு விட்டாரா என்று அவருக்கே தெரியாது. விலகினார், ஒரு வெட்டு. விலகினார், ஒரு வெட்டு. நடுவில் ஒரு முறை பாதி அடி விழுந்து உயிர் நூலளவுக்கு வந்துவிட்டது. காவலன் முழங்காலிட்டான், விரிசல் விட்டான், பொடிப்பொடியாகப் பாலத்தில் உதிர்ந்தான்.

ராஜ்மோகன் கண்ட்ரோலரைத் தரையில் வைத்தார். எழுந்து, யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்ததால், வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். கருணாகரனைக் காணவில்லை. திரையில் நாயகனுக்குப் பத்தடி தூரத்தில் விளக்குக் கம்பம் ஏற்றப்படாமல் நின்றது. அது நிற்கும், எங்கே போகப்போகிறது? குவார்ட்டர்ஸில் பிறந்து குவார்ட்டர்ஸில் வளர்ந்த மனிதருக்கு, திரையில் இருப்பது திரையிலேயே இருக்கும்.

உள்ளே ஃபேனின் சத்தம் ஒரு நொடி தடுமாறி, இன்வெர்ட்டரில் மறுபடி பிடித்துக்கொண்டது. டிவிக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை. ராஜ்மோகன் திரும்பிப் பார்த்தபோது கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

கருணாகரன் மிளகாய்த்தூள் டப்பாவோடு தும்மிக்கொண்டே வந்தார்.

“கரண்டு பூட்ச்சா? மெஷின்லயும் பூட்ச்சி. நல்லவேளை, நம்மள்து அரைச்சாச்சி.”

“ஜெயிச்சுட்டேன் கருணா.”

“யார?”

“பாலத்துல நிக்கிறவனை.”

“அவனையா?” கருணாகரன் டப்பாவைத் துடைத்தார். “அவன் மொத ஆளுதான? அவன நான் ரெண்டாவது வாட்டியே…” என்றவர் நிறுத்திக்கொண்டார். தும்மல் வராத மூக்கைத் தேய்த்தார்.

ராஜ்மோகன் அவரையே பார்த்தார். தனியாகத் தொடமாட்டேன் என்ற மனிதர் டெமோவை முதல்நாளே ஆடியிருக்கிறார். அதுமட்டுமல்ல, ஐந்து முறை முடித்திருக்கிறார். பிடித்துப்போய்விட்டது, பிடித்ததை நண்பரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், காலையிலிருந்து கெடுத்து வச்சிருக்கானுங்க என்று நடித்துக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் அவரே அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார். சொல்லிவிட்டு, நீ கொள்கையா எழுதற, நான் எப்டிப்பா சொல்றது என்றார்.

இப்போது ராஜ்மோகனின் வெற்றி இன்னும் கேவலமாகிவிட்டது. இருபத்தைந்து வருட ஆட்டக்காரர், வாசலில் நிற்கும் முதல் காவலனை, ஒரு காலைப்பொழுது முழுக்கச் செத்துச் செத்து ஜெயித்திருக்கிறார். அதற்கும் சாட்சி இல்லை. அது பெரிய காரியம் என்று யாருக்காவது புரியவேண்டுமானால் ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். பெருமை அடித்துக்கொள்ள வேறு வழியே இல்லை என்பதால்தான், இரண்டு வருடமாக மறைத்ததை அவர் சொன்னார்.

“எனக்கு இடது கட்டைவிரல் வரல கருணா. பன்னி வந்த நாள்லேர்ந்து. லேட்டாத்தான் வருது. அதை வச்சுக்கிட்டுதான் ஜெயிச்சேன்.”

கருணாகரன் டப்பாவைக் கீழே வைத்தார். தன் ஆள்காட்டி விரலை நீட்டி, புடி என்றார். ராஜ்மோகன் இடது கையால் பிடித்தார். நாலு விரல் உடனே மடங்கின. ஐந்தாவது பின்னால் நடந்து வந்து சேர்ந்துகொண்டது. கருணாகரன் மறுபடி புடி என்றார். மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறை அவர் முகம் சிவந்துபோயிற்று. மிளகாய்த்தூள் காரணமில்லை.

“அப்ப அந்தப் பொறுமை, நாகரிகம், எதிரிக்கு ஒரு முறை… அதெல்லாம்?”

ராஜ்மோகன் தலையைக் குனிந்துகொண்டார். அதிலும் பாதி உண்மைதான் என்றார்.

“யோவ், அத நம்பிக்கினு ஒரு வருசமா என் பொண்ணுகூட சண்டை போட்டுக்கினு இருக்கேன்யா. டிரெய்லர் நல்லாருக்குன்னு சொன்னதுக்கு, ரசனை கெட்டவள்னு சொல்லிட்டேன் அவள. போன்ல ஒரு வாரம் பேசல. உன் வெரல்னு சொல்லியிருந்தா வெரல்னு உட்டுட்டுப் போயிருப்பன்ல.”

கமலா ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

கோபம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ராஜ்மோகன் போனை எடுத்து, கருணாகரன் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருக்க, குழுவில் எழுதினார். இந்தமுறை கட்டுரை இல்லை. ஆட்டம் நன்றாக இருக்கிறது. என் இடது கட்டைவிரல் அடிபட்டது. நான் எதிர்த்ததற்கு அது முக்கியமான காரணம். இன்று அந்த விரலோடு பாலத்துக் காவலனை ஜெயித்தேன். வாங்குகிறவர்கள் வாங்கலாம்.

அனுப்பிவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். ராஜ்மோகனின் காதுமடல் சூடாகிக்கொண்டு வந்தது. பிறகு ஷார்ஜாக்காரர், அண்ணா ஸ்க்ரீன்ஷாட் போடுங்க என்று எழுதினார். சேவ் பண்ணுவதற்குள் கரண்டு போய்விட்டது என்று ராஜ்மோகன் பதில் போட்டார். அதற்குத்தான் குழு பொங்கி எழுந்தது. நெய்வேலியில் கரண்டு போயிற்றா? அண்ணன் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், இதை நம்பச் சொல்லவேண்டாம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஒரு வருடமாக அவர் சொன்ன அரைப்பொய்யை எல்லாம் வேதவாக்காகக் கேட்டவர்கள், அன்று சொன்ன ஒரே முழு உண்மையைச் சிரிக்கும் பொம்மைகளால் மூடினார்கள். வேலிக்கு வெளியே இருக்கும் ஊர் நெய்வேலி இல்லை என்று கருணாகரன் தன் கணக்கிலிருந்து விளக்கம் எழுதினார். அவரை அண்ணனின் கையாள் என்று சொல்லிவிட்டார்கள்.

கரண்டு வந்தது. டெமோ முதலிலிருந்து தொடங்கியது. ராஜ்மோகன் கிராமத்தை நிற்காமல் கடந்து நேரே பாலத்துக்குப் போனார். கருணாகரன் போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார். குழுக்காரர்களின் மூக்கை உடைக்கவேண்டும் என்றார்.

செத்தார். கையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் இருந்தால் விரல் இன்னும் கூச்சப்படுகிறது. மறுபடி செத்தார். கருணாகரன் உதவுவதாக நினைத்து, சம்மட்டி எழும்போதெல்லாம், இப்ப இப்ப என்று கத்தினார்.

“நீ சொல்றதே லேட்டு. வாயை மூடு,” என்றார் ராஜ்மோகன்.

இன்னும் சில சாவுகள். வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு ஏறியது. கமலா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள். கருணாகரன் தோள் வலித்துப் போனைக் கீழே வைத்தார்.

“நான் நம்பறேன்யா. ஜெயிச்சன்னு சொன்னா ஜெயிச்சதுதான். எந்திரி, சோறு துன்னலாம்.”

ராஜ்மோகனுக்கு அது காதில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. நண்பர் நம்பினாலும் நம்பாவிட்டாலும், ஷார்ஜாக்காரர் சிரித்தாலும் அழுதாலும், அந்த விரல் காலையில் வந்தது தற்செயலா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்தாகவேண்டும். வேறு யாருக்கும் அதில் அக்கறை இருக்க நியாயமில்லை. நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

பாலத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. காவலனின் மார்பு லேசாக விரிந்தது. ராஜ்மோகன் விரலுக்குச் சொல்லிவிட்டு, அது வந்து சேருவதற்காகக் காத்திருந்தார். சம்மட்டி எழுந்தது. வெறும் கல்லில் விழுந்தது.

ஒரு வெட்டு வெட்டினார். காவலனுக்கு இன்னும் முக்கால்வாசி உயிர் மீதி இருந்தது.